இது எதற்கு என்று சொல்பவள்

அந்தக் கம்பெனியில் அவளுக்கு விளக்கம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. "விளக்கத்தைக் கேளு", "விளக்கம் சாப்பிடப் போயிருக்கு", "இன்னைக்கு விளக்கம் லீவு, யாரும் அந்த போனை எடுத்துடாதீங்க" என்றுதான் பதினோரு வருஷமாக மூன்று மாடியிலும் பேச்சு.

கம்பெனி செய்வது வீட்டுச் சாமான். பார்த்தால் சொல்லமாட்டீர்கள். எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். பிடி கிடையாது, விளிம்பு கிடையாது, மேல் எது கீழ் எது என்பது கிடையாது. எழுத்து மருந்துக்கும் கிடையாது. ஒரு பொருளின் மேல் எழுதினால் 'உனக்குப் பேசத் தெரியாது' என்று அதை அவமானப்படுத்துவதாகும் என்பது வடிவமைப்பாளரின் கட்சி. அவர் மேல்மாடியில் தனி அறையில் இருப்பவர். மாதத்துக்கு ஒன்றிரண்டு சாமானைச் செய்து கீழே அனுப்புவார். அது எதற்கு என்று கேட்டால் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையைப் பார்த்தால் நமக்கே இரண்டு வைக்கலாம் போலிருக்கும். பெயர்கூட வைக்கமாட்டார். எண் மட்டும்தான்.

எதற்கென்று தெரியாததை ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். அதிலும் பெரும்பாலும் அடுத்தவர் தலையில் கட்டுவதற்காக வாங்குகிறார்கள். வாங்கிக்கொண்டவர்தான் அதை மேசைமேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைசியில் பெட்டியின் அடியில் பொடியாக அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார். "இது எதுக்குங்க?" என்பார். மறுமுனையில் அவள் இருப்பாள்.

நாலாம் எண் சோப்பு வைக்கிற தட்டு. ஏழாம் எண், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கீழே வைக்கிற கட்டை. ஒருவர் ஒரு வாரம் முழுக்க ஏழாம் எண்ணைத் தேய்த்துக் குளித்துவிட்டு, "நுரையே வரலியே, என்ன சோப்பு விக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தார். இன்னொரு அம்மாள், துணி மாட்டும் கொக்கியைக் கரண்டி என்று நினைத்து, சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. அதை வைத்தே சாப்பிட்டு முடித்திருக்கிறார்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் வெறும் போன் எடுப்பவள். வருகிற அழைப்பை இன்னார் இன்னாருக்கு என்று மாற்றிவிடுவாள். ஒருநாள் ஒருவர் கூப்பிட்டு, முக்கோணமாக, நடுவில் பள்ளமாக ஒரு வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அது எதற்கு என்றார். பின்னால் அவர் மனைவி கத்திக்கொண்டிருந்தது கேட்டது. பட்டியலில் அப்படி ஒரு சாமானே இல்லை. உண்மையில் அது சாமானும் இல்லை. பெட்டிக்குள் பொருள்கள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்கப் பொட்டலம் கட்டுகிறவர்கள் நடுவில் செருகும் துண்டு. எடுத்துக் குப்பையில் போட வேண்டியது. ஆனால் அந்தக் கம்பெனியில் சாமானுக்கும் குப்பைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்தால் அவர் போனே செய்திருக்கமாட்டார்.

அவளுக்கும் அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த மனைவியின் குரலைக் கேட்டு அந்த மனிதர்மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. "வீட்ல கண்ணாடி போடறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நான் போடுவேன். அதைத் தேடித்தாங்க தினம் காலைல சண்டையே."

"படுக்கப் போகும்போது கண்ணாடியைக் கழட்டி அந்தப் பள்ளத்துல வைங்க. அதுக்குத்தான் அது."

"அட!" என்றார் அவர். மறுநாள் கூப்பிட்டு, தம்பிக்கு ஒன்று வேண்டும் என்றார். ஒரு வாரத்துக்குள் இருபது பேர் கண்ணாடி தாங்கி கேட்டுவிட்டார்கள். மேலாளர் படியேறி ஓடிவந்து, "யாரும்மா அது, கண்ணாடி தாங்கின்னு சொன்னது?" என்றபோது வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். போகவில்லை. துண்டுக்கு அறுபத்தொன்று என்று எண் கொடுத்தார்கள். வடிவமைப்பாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் செஞ்சதுதான்" என்று சொன்னாராம்.

அன்றிலிருந்து மேல்மாடியில் பிறப்பதெல்லாம் நேராக அவள் மேசைக்கு வந்தது. அடித்துவிடுவதற்கும் ஒரு கை வேண்டும். அவள் எடுத்த எடுப்பில் எதையும் சொல்லமாட்டாள். வீட்டில் எத்தனை பேர், அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், காலையில் முதலில் எழுந்திருப்பது யார் என்று இரண்டு மூன்று கேள்வி கேட்பாள். பதிலில் எங்காவது ஒரு குறை எட்டிப் பார்க்கும். அந்தக் குறைக்கும் கையிலிருக்கும் கட்டைக்கும் முடிச்சுப் போட்டுவிடுவாள். கேட்டவருக்கு நன்றி சொல்லி மாளாது. முதல் இரண்டு வருஷம் அவளுக்கே உச்சி குளிர்ந்துதான் போயிற்று. பொய் சொல்லிப் புண்ணியம் சம்பாதிக்கிற வேலை யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் அந்த அறை இருக்கிறதே, அது மனிதர் இருக்கக் கட்டியதல்ல. ஜன்னல் கிடையாது. மூன்று சுவரிலும் கூரைவரை தட்டுகள். தட்டுகளில் இருநூற்று இருபத்தொன்பது சாமான்களும் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குக் கண் கிடையாது, ஆனாலும் பார்க்கும். நாலாவது சுவரில் கதவு. அதுவும் வடிவமைப்பாளர் கைவண்ணம்தான். உள்பக்கம் பிடியோ தாழ்ப்பாளோ கிடையாது; சுவரும் கதவும் ஒரே வழுவழுப்பு. இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் சரியாக உள்ளங்கையை வைத்து அழுத்தினால் திறக்கும். அந்த இடம் எது என்பது கைக்குத்தான் தெரியும். ஒருமுறை மின்விளக்கு மாற்ற வந்தவர், அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு, அவள் வந்து திறக்கும்போது கண்கலங்கி நின்றார். அவள் சிரித்தாள். பிறகு, அவர் அழுதது அரைமணி நேரத்துக்கு, தான் பதினோரு வருஷமாக உள்ளே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

போன வருஷம் தொண்டை கட்டியது. வெந்நீர் குடித்தாள், கொப்பளித்தாள், ஊர்ப்பட்ட மாத்திரையையும் சப்பினாள். குரல் காலையில் இருக்கும். மதியத்துக்குமேல் வெறும் காற்றுதான் வரும். கடைசியில் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்ச்சுப்போகுமில்ல, அந்த மாதிரி உங்க தொண்டைல காய்ச்சுப்போயிருக்கு" என்றார். "ஒரு நாளைக்கு அரைமணி நேரம் பேசலாம். அதுக்குமேல பேசினா, அப்புறம் குரல் திரும்பும்னு நான் உறுதி சொல்லமாட்டேன்."

அரைமணி நேரம் என்பது அவளுக்கு எட்டு அழைப்பு. காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

ஆகவே வீட்டில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், கலகலப்பான மனுஷன். "ஊருல அவனவன் பொண்டாட்டி வாயைத் திறந்தா மூடமாட்டேங்கறான்னு அழறான். எனக்கு வாய்ச்சதைப் பாரு" என்று முதலில் கேலி செய்தார். நாலு மாதம் போனதும் கேலியை விட்டுவிட்டார். அவள் தட்டை ஒருமுறை தட்டினால் சோறு, இருமுறை தட்டினால் தண்ணீர், கையை நீட்டினால் விளக்கை அணை என்று வீட்டில் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. ஒன்பது வயது மகள் அதில் கெட்டிக்காரி. அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பள்ளியில் நடந்ததை அப்பாவிடம் சொல்வாள். அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் மாலை மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, உங்க ஆபீஸ் நம்பருக்கு நான் போன் பண்ணட்டுமா? அப்ப எங்கிட்டப் பேசுவியா?" என்று கேட்டாள்.

குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வழி கேட்டாள். அன்று விளக்கம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுவதற்கும் சத்தம் வரவில்லை.

மறுநாள் இடமாற்றம் கேட்டு மேலாளருக்கு எழுதிக் கொடுத்தாள். கீழே கிடங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. பெட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்றிவிடும் வேலை. பேச வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். பெரிய கதவு, நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், தெரு தெரியும். நாலு மணிக்கு முடிந்துவிடும். மகளும் நாலேகாலுக்குத்தான் பள்ளியிலிருந்து வருவாள். இதைவிட அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். "உங்க உடம்புதாம்மா முக்கியம்" என்றார். "ஆனா உங்க இடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணிட்டுப் போங்க. அவங்க சமாளிச்சுட்டாங்கன்னா கிடங்கு உங்களுக்குத்தான்."

வந்தவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயது. வந்த அன்றே டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணீரென்ற குரல், மேல்மாடியில் வடிவமைப்பாளரின் தூக்கம் கலைந்திருக்கும். விளக்கம் அவருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினாள். ஒன்றாம் எண்ணிலிருந்து இருநூற்று இருபத்தொன்பதுவரை, எது எதற்கு, யார் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எல்லாம். டீச்சரிடம் ஒளிக்கக் கூடாது என்று, தான் கற்பனை செய்ததற்கெல்லாம் ஓரத்தில் நட்சத்திரம் போட்டாள். எண்ணிப் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நூற்றுப் பதினேழு நட்சத்திரம்.

டீச்சர் பத்தே நாளில் நோட்டை மனப்பாடம் செய்துவிட்டார். கதவில் கை வைக்கும் இடம் மட்டும்தான் கடைசிவரை பிடிபடவில்லை. பதினோராம் நாள் திங்கட்கிழமை. அவள் கிடங்குக்குப் போனாள்.

திங்கள், செவ்வாய் இரண்டே நாள். வண்டிகள் வந்தன, போயின. ஒரு தடவை மழை பெய்தது; மழையை வேலை நேரத்தில் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மகள் வந்ததும், "வாடி தங்கம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். குரல் மெல்லிசாக, ஆனால் பிசிறில்லாமல் வந்தது.

மகள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா பேசறா!" என்று குதித்தாள். அப்புறம் நடந்ததற்கு டாக்டர்தான் மன்னிக்க வேண்டும். அரைமணி நேரமாவது ஒன்றாவது. எட்டு மாதத்துக் கதையை மகள் சொல்ல, அவள் கேள்வி கேட்க, மகள் பொய் சொல்கிறாளா என்று குடைய, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்க, கணவர் வேலை முடிந்து வரும்வரை பேசினாள். அவர் வந்தபிறகு அவருக்காக இன்னொருமுறை பேசினாள். புதன்கிழமை காலை எழுந்தபோது குரல் சுத்தமாகப் போயிருந்தது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை. கிடங்கில் குரல் எதற்கு?

பதினோரு மணிக்கு மேலாளரே கீழே வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம் மேல வாங்க. டீச்சர் கொஞ்சம் தடுமாறறாங்க."

டீச்சர் தடுமாறவில்லை. தெளிவாகத்தான் இருந்தார். நட்சத்திரம் போட்ட எதையும் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். "நூத்துப் பதினேழு பொய். இருபது வருஷமா பசங்களைப் பொய் சொல்லாதீங்கன்னு அடிச்சிருக்கேன். நான் எப்படிங்க சொல்ல?" கேட்டவர்களுக்கெல்லாம், "அது எதுக்குன்னு தெரியலைங்க" என்று கணீரென்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு சாமான் திரும்பி வந்துவிட்டது. போதாக்குறைக்கு, நோட்டு எழுதி முடித்தபிறகு இருநூற்று முப்பதாம் எண் புதிதாகக் கடைக்குப் போயிருந்தது. அதற்கு நோட்டிலும் ஒன்றும் இல்லை.

இருநூற்று முப்பது மேசைமேல் இருந்தது. உள்ளங்கையளவு வெள்ளைக் கல் மாதிரி ஒன்று. அடி வளைந்திருந்தது. இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும். அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் நிற்கும். அவ்வளவுதான் அது செய்யும்.

"இதுக்கு ஒருத்தங்க லைன்ல காத்திருக்காங்க" என்றார் மேலாளர். "நீங்க பேச வேண்டாம். எழுதிக் கொடுங்க, டீச்சர் படிப்பாங்க. இந்த ஒண்ணு மட்டும்."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தை இழுத்தாள். என்ன எழுத வேண்டும் என்று படியேறும்போதே முடிவு செய்துவிட்டாள். தெரியாது. ஒரே வார்த்தை. விளக்கத்துக்கே தெரியவில்லை என்றால் இனி யாரும் அவளைத் தேடி மாடிப்படி இறங்கமாட்டார்கள். கம்பெனி எப்படியாவது போகட்டும், பெட்டிமேல் எழுதிக்கொள்ளட்டும். 'தெ' என்று எழுதினாள்.

பேச்சு எல்லாருக்கும் கேட்கும்படி டீச்சர் போனில் பொத்தானை அழுத்தினார். வயதான ஓர் அம்மாளின் குரல் கேட்டது.

"இருக்கீங்களாம்மா? தொந்தரவு பண்றேன், கோவிச்சுக்காதீங்க. இது என் மருமக வாங்கிக் குடுத்தது. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல எனக்குன்னு அவ வாங்கினது இது ஒண்ணுதான். எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவா ஒத்துவராது. இன்னைக்குச் சாயங்காலம் வர்றா. எப்படி இருக்கு, உபயோகப்படுதான்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? மூணு நாளா பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒருவேளை கேலி பண்ணத்தான் குடுத்தாளோன்னு தோணுது."

பென்சில் நின்றுவிட்டது. டீச்சர் காகிதத்தைப் பார்த்தார், மேலாளர் காகிதத்தைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. எழுது, எழுதிவிட்டு இறங்கிப் போ என்று தன்னையே திட்டினாள். மகள் நாலேகாலுக்கு வருவாள் என்று நினைத்தாள். கை மேலே நகரவில்லை. பிறகு 'தெ' என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுதியது: மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

டீச்சர் படித்தார்.

"மாத்திரையா? காலைல ஒண்ணு, ராத்திரி ரெண்டு. வயசாச்சில்ல. சாப்பிட்டேனா இல்லையான்னே மறந்துபோகுது. ஒருநாள் ரெண்டு தடவை சாப்பிட்டுட்டு மயங்கி விழுந்துட்டேன்."

எழுதினாள்: அப்போது மருமகள் கூட இருந்தாளா?

"அவதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா."

இதற்கப்புறம் கை கேட்குமா? கடகடவென்று எழுதிற்று. டீச்சர் எழுத்தைத் தொடர்ந்து ஓடியபடி படித்தார். "அதுக்குத்தாங்க இது. மாத்திரை டப்பா பக்கத்துல வைங்க. காலை மாத்திரை போட்டதும் இடது பக்கம் சாய்ச்சிடுங்க. ராத்திரி போட்டதும் வலது பக்கம். எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பார்த்தாலே போட்டாச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும். நீங்க மயங்கி விழுந்ததை உங்க மருமக மறக்கலைங்க."

"இவ்வளவு யோசிச்சாளா அவ?" என்றார் அந்த அம்மாள். குரல் உடைந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இது நிஜமா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எழுதினது நீங்க, படிச்சது நான்" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாவத்துல பாதி எனக்குப் போட்டுக்குங்க."

மேலாளருக்கு முகமெல்லாம் பல். "இதை இத்தனை நாள் யோசிக்காமப் போனேனே! நீங்க எழுதுங்க, அவங்க படிக்கட்டும். டாக்டர் சொன்ன மாதிரி தொண்டைக்கும் ஓய்வாச்சு. கிடங்குக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். இங்க இன்னொரு நாற்காலி போட்டுட்டா முடிஞ்சது."

அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம், என்னால் முடியாது, நான் கீழேயே இருக்கிறேன் என்று சொல்லத்தான் திறந்தாள். நேற்று மாலை இருந்த குரலில் ஒரு துளி இருந்தால்கூடப் போதும். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது, அதற்கும் காற்றுதான்.

"ஐயோ, பேசாதீங்கம்மா, பேசாதீங்க" என்று மேலாளர் பதறினார். "யாருப்பா அங்க, அம்மாவுக்கு வெந்நீர் கொண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

காகிதம் முன்னால்தான் இருந்தது, பென்சிலும் கையில்தான் இருந்தது. அதில் எழுதி அவர் பின்னாலேயே ஓடியிருக்கலாம். போன் அடித்தது. டீச்சர் எடுத்தார். "கைக்குழந்தை இருக்கற வீடுங்களாம், நூத்தி நாலு எதுக்குன்னு கேக்கறாங்க" என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எழுதினாள்.